வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையாம், நஷ்டஈடு யாரு தருவாங்க?

கேள்வி: சார், எங்க ஊரு குடியாத்தம், அப்பா தறி நெய்றவரு. ரெண்டு மாசம் முன்ன சைக்கிள்ல வந்துனு இருந்தவர பைக்ல வந்த ஒரு பையன் இடிச்சிட்டான், வலது கால் ரெண்டு எடத்துல முறிஞ்சி பிளேட் வச்சிருக்கு, வேலூர் ஆஸ்பத்திரியில 1,40,000 செலவு. பைக்குக்கு இன்சூரன்ஸ் இல்ல. ஆர்.சி. புக்குல பேர் இருக்கறவரு வண்டிய எப்பவோ வித்துட்டேன்றாரு. அந்த பையன் 30,000 தரேன், கையெழுத்து போடுங்கன்றான். இன்சூரன்ஸ் இல்லன்னா கேஸ் நிக்காதுன்றாங்களே, நெஜமா?

பதில்: நிக்கும் தம்பி, நல்லாவே நிக்கும். அந்த 30,000 பேப்பர்ல மட்டும் கையெழுத்து போட்றாதீங்க, ஆஸ்பத்திரி பில்லுல கால்வாசி கூட இல்ல அது.

இன்சூரன்ஸ் இல்லன்றதால நஷ்டஈடு இல்லாம போயிடாது, கம்பெனி கட்ட வேண்டியத ஓனரே கட்டணும், அவ்ளோதான் வித்தியாசம். வித்துட்டேன்னு வாயால சொன்னா செல்லாது, ஆர்.சி.ல பேர் மாத்தாத வரைக்கும் அவருதான் ஓனர்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சி, அதனால அவரையும் ஓட்டுன பையனையும் ரெண்டு பேரையும் எதிர்மனுதாரரா சேருங்க. எம்.சி.ஓ.பி.ன்ற விபத்து நஷ்டஈடு மனுவ விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள போடணும்னு சட்டம், உங்களுக்கு ரெண்டு மாசம் போயிடுச்சி, இனி தள்ளிப் போடாதீங்க. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, அங்க போய் கேளுங்க.

அடுத்தது அந்த பைக்கு. ஸ்டேஷன்ல நிக்குதா, எடுத்துட்டு போயிட்டாங்களான்னு இன்னிக்கே விசாரிங்க, ஏன்னா இன்சூரன்ஸ் இல்லாத வண்டிய நஷ்டஈட்டுக்கு ஈடா செக்யூரிட்டி கட்டாம விடக்கூடாது, 3 மாசத்துல கட்டலன்னா ஏலம் போட்டு பணத்த டிரிபியூனல்ல, அதாவது விபத்து நஷ்டஈடு கேஸ் விசாரிக்கிற கோர்ட்ல, கட்டணும்னு 2022 மோட்டார் வாகன விதியில இருக்கு, இது தெரியாம எத்தனையோ குடும்பம் வண்டிய விட்டுட்டு அப்புறம் அலையுது. பழைய பைக்குக்கு பெருசா ஒண்ணும் வராதுதான், ஆனா ஓனர் ஓடி வந்து பேசுவாரு. தீர்ப்பு வந்தும் கட்டலன்னா கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ண மோட்டார் வாகன சட்டத்துல 174வது பிரிவு இருக்கு, அவர் பேர்ல நெலம் வீடு என்ன இருக்குன்னு இப்பவே தெரிஞ்சி வச்சிக்கோங்க.

எனக்கு மனசு கேக்காத விஷயம் அப்பாவோட கால்தான், குழித்தறியில மிதிக்கணுமே. பில்லோட நின்னுடாதீங்க, வருமான இழப்பும் ஊனமும் சேத்து கேளுங்க. மெடிக்கல் போர்டுல ஊன சர்டிபிகேட் வாங்குங்க, விபத்துக்கு முன்ன வாரத்துக்கு எத்தன லுங்கி நெஞ்சாரு, என்ன கூலின்னு நெய்ய பாவு நூல் குடுக்கற முதலாளிகிட்ட எழுதி வாங்கி வைங்க.