வாசகர் கேள்வி – பதில்: பால் பண்ணையில் முதல் வாரங்கள்

கேள்வி: கால்நடை மருத்துவம் பயிலும் மாணவி நான். பால் பண்ணை ஒன்றில் களப்பயிற்சிக்குச் சேர்ந்ததிலிருந்து சாணம் அள்ளுவதும் தீவனத் தொட்டியைத் துடைப்பதுமே என் வேலையாக இருக்கிறது. படித்தது எதற்கும் இங்கே இடமில்லையோ என்று மனம் சோர்கிறது. பொறுப்பாளரிடம் வேறு வேலை கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால், மாட்டின் வயிற்றுக்குள் நடப்பதை வெளியிலிருந்தே அறிய இந்த இரண்டு வேலைகளைவிட நல்ல வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது. செரிமானம் சீராக உள்ள கறவை மாட்டின் சாணம் கூழ்ப்பதத்தில் விழுந்து, நடுவில் சிறு பள்ளத்தோடு வட்டமாகப் படியும். அது நீர்த்துத் தெறித்தால் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு போன்றவை) மிகுந்து நார்ச்சத்து குறைந்திருக்கலாம். குடல் நோயாகவும் இருக்கலாம். கெட்டியாக அடுக்கடுக்காக விழுந்தால், முதலில் தண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பாருங்கள். சளியோ இரத்தமோ தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள்.

தொட்டியில் மீந்திருப்பதும் அதே அளவு பேசும். நீளமான தீவனத் தண்டுத் துண்டுகள் மட்டும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தால், மாடுகள் அடர்தீவனத்தை மட்டும் பொறுக்கித் தின்கின்றன என்று பொருள். அப்படித் தின்னும் மாட்டுக்கு முதல் இரைப்பையில் அமிலம் ஏறி, அசை போடுவது குறைந்து, பாலில் கொழுப்பும் இறங்கும். நலமான மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 முதல் 8 மணி நேரம் அசை போடும். ஆகவே கொட்டகையில் அமைதியாகப் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேற்பட்டவை வாயசைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது எந்தக் கருவியும் தேவைப்படாத நல்ல சோதனை. விடியலில் கூட்டிப் பெருக்கும்போது, மற்றொரு மாடு தன்மீது தாவினாலும் விலகாமல் நிற்கும் மாட்டைக் கண்டால் காது வில்லை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது சினைப்பருவத்தில், அதாவது கருத்தரிக்கத் தயாரான நிலையில் இருக்கிறது. தவறவிட்டால் இன்னும் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். இத்தகைய குறிப்புகளோடு பொறுப்பாளரிடம் போனால், நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர் உங்களை அடுத்த வேலைக்கு அழைத்துக்கொள்வார் என்றே நம்புகிறேன்.

கேள்வி: நான் கறக்கப் போனால் மாடு காலைத் தூக்குகிறது, பாலையும் அடக்கிக்கொள்கிறது. நெடுநாளாக இருக்கும் பணியாளர் உட்கார்ந்தால் அதே மாடு அசையாமல் நிற்கிறது. என்ன காரணம்?

பதில்: மடியில் சேர்ந்திருக்கும் பாலில் பெரும்பகுதி தானாக இறங்கிவிடாது. காம்பைத் துடைத்து வருடும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, இரத்தத்தின் வழியே மடியை அடைந்து, அங்குள்ள நுண்ணிய தசைகளைச் சுருங்கச் செய்தால்தான் பால் இறங்கும். இதற்கு ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை ஆகும். மாடு மிரண்டால் சுரக்கும் அட்ரினலின் இந்தச் செயலைத் தடுத்துவிடுகிறது. அந்தப் பணியாளரின் கைத்திறனைக் காட்டிலும், அவருடைய குரலும் நிதானமும் மாட்டுக்குப் பழகிப்போனதே காரணம்.

நேர் பின்னால் நிற்பவரை மாட்டால் பார்க்க முடியாது. எனவே பக்கவாட்டில், தோள்பட்டையின் திசையிலிருந்து, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்கி, விலாவில் உள்ளங்கையைப் பதித்து, அந்தக் கையை எடுக்காமலேயே மடியருகே போங்கள். பின்னர் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சல்களைக் கருநிறக் கிண்ணத்தில் விட்டு, குனிந்து பாருங்கள். கறுப்புப் பரப்பில் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தாலோ, பால் நீர்த்து வழிந்தாலோ மடிவீக்க நோயை ஐயுற வேண்டும். அந்த மாட்டை வரிசையில் கடைசிக்குத் தள்ளி, அதன் பாலைத் தனியே எடுப்பார்கள். துடைக்கும் துணி மாட்டுக்கு ஒன்றாக இருக்கட்டும். ஒரே துணி நோயை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குக் கொண்டுபோகும். கறந்து முடித்ததும் காம்புகளைக் கிருமிநாசினியில் நனைத்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து நிற்க வையுங்கள். காம்புத் துளை இறுக மூடிக்கொள்ள அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், உடனே ஈரத் தரையில் படுக்கும் மாட்டுக்கு நோய் எளிதில் தொற்றும்.

கேள்வி: கன்று பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்து, சீம்பாலைப் புட்டியில் புகட்டுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. இது சரிதானா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. பிரிப்பது குறித்துப் பண்ணையாளர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. சில நாட்கள் தாயோடு விட்டுவைக்கும் பண்ணைகளும் உண்டு. ஆனால் சீம்பாலை அளந்து புகட்டுவதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். பசுவின் வயிற்றிலிருக்கும்போது நோய் எதிர்ப்புப் பொருட்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குக் கிடைப்பதில்லை. சீம்பால்தான் அவற்றைத் தருகிறது. அவற்றை அப்படியே உறிஞ்சும் ஆற்றல் கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே முதல் இரண்டு மணி நேரத்துக்குள், உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிடுவது நல்லது. தானே எழுந்து காம்பைத் தேடும் கன்று எவ்வளவு குடித்தது என்பது யாருக்கும் தெரியாது; புட்டியில் அது தெரியும். அடுத்த ஈற்றின்போது நீங்களே அளந்து புகட்ட அனுமதி கேளுங்கள். தொப்புள் கொடியை அயோடினில் நனைக்கும் வேலையையும் சேர்த்துக் கேளுங்கள்.