வாசகர் கேள்வி பதில்: ஆளில்லாத ஹோட்டலில் அரைவிலை அறை

கேள்வி: வெளிநாட்டார் வரவு குறைந்ததால் கொழும்பு நட்சத்திர ஹோட்டல்களில் அரைவிலைக்கு அறை என்று விளம்பரம் வருகிறது. மகளின் விசா நேர்முகத்துக்குப் போகும்போது இரண்டு இரவு தங்க விருப்பம். ‘மலிஞ்சால்தானே சந்தைக்கு வரும், ஏதோ குறை இருக்கும்’ என்கிறார் கணவர். தங்கலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: தாராளமாகத் தங்கலாம். ஆனால் கணவர் சொல்வதையும் தட்டிவிட முடியாது.

விளம்பர விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் பிறகு ஏறும். 30,000 ரூபா அறை 38,000ஐத் தாண்டிவிடும். இணையத்தில் விலையைப் பார்த்துக்கொண்டு ஹோட்டலுக்கே நேரே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். முகவர் தளத்துக்குக் கொடுக்கும் கழிவு அவர்களுக்கு மிச்சம் என்பதால், அதே விலைக்குக் காலைச் சாப்பாட்டையும் சேர்த்துத் தரக்கூடும். உள்ளூர்க் கட்டணத்துக்கு அடையாள அட்டை கட்டாயம். இரவு பஸ்ஸில் போய் வெள்ளவத்தையில் விடியப்புறம் இறங்குவீர்கள். அறையோ வழக்கமாகப் பிற்பகல் 2 மணிக்குத்தான். அறைகள் சும்மா கிடக்கும் காலம் என்பதால் காலையிலேயே தரச் சொல்லிக் கேட்கலாம், சம்மதித்தால் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

குறை இருப்பது பூட்டிக் கிடந்த அறையில். 2018இல் 23 இலட்சம் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021இல் இரண்டு இலட்சம் பேர்கூட வரவில்லை. இப்படி ஆள் குறையும்போது மின்சாரச் செலவுக்குப் பயந்து மாடி மாடியாகவே மூடிவிடுவார்கள். ஆகவே ‘ஆட்கள் தங்கியிருக்கும் மாடியில் தாருங்கள்’ என்று கேளுங்கள். கடல் தெரியும் அறையைவிட இது முக்கியம்.

உள்ளே போனதும் குளியலறையை மணந்து பாருங்கள். மலக்குழி நாற்றம் வந்தால், தரையிலுள்ள வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருக்கும். அந்தத் தண்ணீர்தான் குழாய் வாயுவை மறிப்பது. ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றினால் சற்று நேரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் அறையை மாற்றச் சொல்லுங்கள். ஷவரில் உடனே நிற்க வேண்டாம். குழாயில் நாட்கணக்காக வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பக்டீரியா பெருகும். அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் நிமோனியா வரலாம். சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் ஐந்து ஐந்து நிமிடம் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள்.

புபே, நீச்சல் தடாகம் இரண்டும் நடக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆள் போதாவிட்டால் புபே இல்லை, தட்டுச் சாப்பாடுதான். அது சூடாக வரும் என்பதால் எங்களுக்கு அதில் மனத்தாங்கல் இல்லை.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டன் உறவினர் வருகின்றனர். யாழ்ப்பாண ஹோட்டல்களிலும் இந்த மலிவு கிடைக்குமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: அந்த 25 நாளும் எதிர்பார்க்காதீர்கள். தேர், தீர்த்தத்துக்கு அறை கிடைத்தாலே பெரிது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் கட்டணமும் வேறு. மாரி மழை பிடித்த கார்த்திகையில் வந்தால் பேரம் பேசலாம்.