வம்புப் பெயர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கனடாவின் கால்கரியிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 16 வயது. குளிர்காலத்தில் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டு, மற்ற மாதங்களில் சக்கரம் வைத்த ஸ்கேட்போர்டு என்று திரிகிறாள். சொந்தமாக ஒரு ஸ்னோபோர்டு வாங்கக் கடைக்குப் போனோம். பெண்கள் வரிசையில் ஒன்றின் பெயர் ‘புஷ் அப்’. உள்ளாடைக் கடைக்கா வந்திருக்கிறோம் என்று கேட்டேன், சிரித்தாள். கூட வந்த அவள் தோழியின் சட்டையில் ‘பிட்ச்’ என்று பழைய ஸ்கேட்போர்டு கம்பெனி ஒன்றின் பெயர், பெண்களைத் திட்டும் ஆங்கில வார்த்தை. “நாங்களே போட்டுக்கிட்டா அது திட்டு இல்லம்மா” என்கிறாள் மகள். எனக்கு ஒப்பவில்லை. பத்தாம்பசலி அம்மாவாகப் பேசவும் கூச்சமாக இருக்கிறது. இது துணிச்சலா, வியாபாரமா? சட்டம் இதையெல்லாம் தடுக்காதா?

கவிதா

அன்புள்ள கவிதா,

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒழுக்கக்கேடான பெயர்களை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முடியாது என்று அமெரிக்காவில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. ஸ்கேட்போர்டு உலகத்தை ஒட்டி வளர்ந்த ‘ஃபக்ட்’ என்ற உடை நிறுவனத்தின் எரிக் புருனெட்டி வழக்காடி, 2019இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த விதியையே செல்லாததாக்கினார். (பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வழக்கு ஏன் வந்தது என்று புரியும்.) கனடாச் சட்டத்தில் அப்படியொரு தடை உண்டு. ஆனால் ‘புஷ் அப்’பை அது என்ன செய்துவிடும்? தண்டால் எடுப்பதைச் சொன்னோம் என்பார்கள்.

தோழியின் சட்டைக்கு வருகிறேன். அதன் கதை அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். 1993இல் வேர்ல்டு இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியை விட்டு வெளியேறிய ரிக் ஹவர்ட், மைக் கரோல் போன்றவர்கள் சேர்ந்து ‘கேர்ள்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பெண்கள் கழிப்பறைக் கதவில் வட்டத் தலையும் பாவாடையுமாக ஓர் உருவம் இருக்குமே, அதுதான் சின்னம். பெயர் கேர்ள் என்றாலும் ஆரம்பத்தில் அந்த அணியில் சறுக்கியவர்கள் ஆண்கள். பழைய முதலாளி ஸ்டீவ் ராக்கோவின் சகோதரர் சால் ராக்கோ இதற்குப் போட்டியாக இறக்கியதுதான் ‘பிட்ச்’. அதன் சின்னத்தில், ஆண்கள் கழிப்பறைக் கதவு உருவம் பக்கத்தில் நிற்கும் பெண் உருவத்தை நோக்கித் துப்பாக்கி நீட்டிக்கொண்டிருக்கும்.

சண்டை முழுக்க ஆண்களுக்குள். பங்காளித் தகராறில் எதிராளி வீட்டுப் பெண்ணை இழுத்துத் திட்டுவது நம் தெருக்களிலும் உண்டு, அதே ரகம்தான். அந்தச் சட்டையில் ‘நாங்களே’ என்று சொல்லிக்கொள்ள ஒரு பெண்ணுக்கும் இடமில்லை.

உங்கள் மகளின் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. 1965இல் லைஃப் பத்திரிகையின் அட்டையில், ஓடும் ஸ்கேட்போர்டின் மேல் தலைகீழாகக் கையூன்றி நின்றாரே பேட்டி மெக்கீ, அவர் பின்னாளில் மகளோடு சேர்ந்து நடத்திய கம்பெனியின் பெயர் ‘ஒரிஜினல் பெட்டி’. கடற்கரைப் பையன்கள் அழகான பெண்களைப் பார்த்துச் சொல்லும் கொச்சைதான் ‘பெட்டி’. அவர் சொன்னால் அதற்கு ஒரு பொருத்தம் இருக்கிறது. அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொண்டதும் அவர்தான், கம்பெனியும் அவருடையது, தலைகீழாக நின்றதும் அவர்தான்.

அசிங்கமான பெயர் என்பதாலேயே எனக்குக் கோபம் வருவதில்லை. கடலலையில் சறுக்கும் சர்ஃபிங் பலகையில் கால் வழுக்காமல் இருக்கத் தேய்க்கும் மெழுகு ஒன்று 1972இலிருந்து ‘செக்ஸ் வாக்ஸ்’ என்ற பெயரில் விற்கிறது. அதே பெயரில் தேங்காய் வாசனை அட்டைகளும் உண்டு, காரில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். விடலைத்தனம், அவ்வளவுதான். யாரையும் அது மட்டம் தட்டவில்லை.

பெயர் சாதுவாக இருக்கும் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். பெண்களுக்கான சர்ஃபிங் உடைகள் விற்கும் ராக்ஸி கம்பெனியின் பெயரில் என்ன குற்றம் சொல்ல முடியும்? ஆனால் 2013இல் பிரான்சின் பியாரிட்ஸில் நடந்த சர்ஃபிங் போட்டிக்காக அவர்கள் வெளியிட்ட முன்னோட்டத்தைப் பாருங்கள். அதில் வருபவர் ஸ்டெஃபனி கில்மோர், அப்போதே ஐந்து முறை உலக சாம்பியன். படுக்கையில் உள்ளாடையோடு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறார், குளிக்கிறார், கடற்கரைக்குப் போகிறார். முகம் வரவே வராது. ஓர் அலையில்கூட ஏறமாட்டார். இவர் யார் என்று கண்டுபிடியுங்கள் என்பதுதான் விளம்பரமே! பெண் சர்ஃபர்களே எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2008இல் பர்டன் கம்பெனி, நிர்வாணப் படங்களுக்குப் பேர்போன பிளேபாய் பத்திரிகையின் படங்களை அச்சிட்டு இறக்கிய ஸ்னோபோர்டு வரிசைக்கும் அப்படி ஓர் அழகான பெயர்தான்: ‘லவ்’. வெர்மான்ட்டில் அவர்கள் தலைமையகத்தின் முன் மக்கள் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். கம்பெனி திரும்பப் பெறவில்லை.

ஆகவே பெயரை விட்டுவிட்டு, அந்தப் பொருளில் பெண் என்னவாக இருக்கிறாள் என்று நான் பார்ப்பேன். ‘புஷ் அப்’ செய்வது படாலியன் கம்பெனி. பெயர் மட்டமான நகைச்சுவை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் போர்டு பெண்களுக்கென்றே செய்தது. இது சின்ன விஷயமில்லை. ஒரு காலத்தில் பெண்கள் ஆண்களின் போர்டையோ சிறுவர்களின் போர்டையோ வைத்துத்தான் சமாளித்தார்கள். கால் சிறியது, போர்டின் இடுப்போ (நடுப்பகுதி) அகலம் என்றால், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குத் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 1990களின் நடுவில் சிம்ஸ் கம்பெனி ஷானன் டன், டினா பாசிச் என்ற ஸ்னோபோர்டு வீராங்கனைகள் இருவர் பெயரிலும் பெண்களுக்கான போர்டுகளை வெளியிட்டது. என்னைக் கேட்டால், இந்த வியாபாரத்தில் அதைவிடத் துணிச்சலான பெயர்கள் வரவில்லை. ஷானன் டன் 1998 நகானோ ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வென்றார்.

கடைக்கு மறுபடி போகும்போது மகள் தன் பூட்ஸை எடுத்து வரட்டும். போர்டின் மேல் குறுக்காக நிறுத்திப் பாருங்கள். பூட்ஸின் முனை இரு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டினால் பரவாயில்லை, அதிகம் நீட்டினால் திரும்பும்போது பனியில் உரசும், நீட்டவே இல்லையென்றால் போர்டு அவளுக்கு அகலம். அவள் எடைக்கு எந்த நீளம் என்று கம்பெனியின் அட்டவணையிலேயே இருக்கும். எல்லாம் பொருந்தி வருவது அந்தப் ‘புஷ் அப்’ என்றால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பெயரை மறைக்க ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. சட்டை விஷயத்தில் மட்டும், துப்பாக்கிச் சின்னத்தின் கதையை அந்தத் தோழிக்கு உங்கள் மகளே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் எடுபடாது.