கோபம் தலைக்கேறும்போது சொல்லிக்கொள்ள ஒரு வரி

கேள்வி: எனக்கு 47 வயது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரவில் விடாமல் கூப்பிடுவார். சில சமயம் கத்திவிடுகிறேன். அப்புறம் குற்ற உணர்ச்சியில் தூக்கம் வருவதில்லை. ‘நான் அமைதியானவள், அன்பானவள்’ என்று தினமும் சொல்லச் சொன்னார் தோழி. சொன்னால் எரிச்சல்தான் கூடுகிறது. என்னிடம் ஏதாவது குறையா?

மனநல மருத்துவர் பதில்:

குறை உங்களிடம் இல்லை, அந்த வரியில்தான். மனசு நம்பாததைச் சொன்னால் அது உள்ளேயே எதிர்த்துப் பேசும். 2009இல் கனடாவின் ஜோஆன் வுட் குழு செய்த ஆய்வில், தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது மனநிலை இன்னும் மோசமானது.

அதனால் உண்மையைச் சொல்லுங்கள். ‘கோபம் வருது.’ அவ்வளவுதான். முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, பயத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் வேகம் குறைவதை 2007இல் அமெரிக்காவின் மேத்யூ லீபர்மன் குழு ஸ்கேனில் பார்த்தது. சொல்லிவிட்டு மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும்.

அடுத்த வரி உங்கள்மேல் கருணை காட்டுவதற்கு. ‘இந்த நிலைமையில யாருக்கும் இப்படித்தான் இருக்கும்.’ பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாமியார்மேல் இரக்கம் வேண்டும் என்று உங்களையே மிரட்டிக்கொண்டிருந்தால் அது வராது. உங்கள் களைப்பை ஒப்புக்கொண்ட பிறகு, ‘அவங்களும் பயந்துதான் கூப்பிடுறாங்க’ என்று சொல்லிப் பாருங்கள். இவை என் வார்த்தைகள். உங்கள் வாயில் எது தானாக வருகிறதோ, உங்கள் அம்மா உங்களைத் தேற்றும்போது எப்படிப் பேசுவாரோ, அப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது சொல்வது? தனியாக நேரம் ஒதுக்க உங்களால் முடியாது என்று தெரியும். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பீர்கள் அல்லவா? தோளுக்கு அடியில் கையைக் கொடுப்பதற்கு முன்பு ஒரு நொடி நில்லுங்கள். இரண்டு கால்களும் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். அந்த வரியைச் சொல்லுங்கள். பிறகு புரட்டுங்கள். கோபமில்லாத நேரத்திலும் இதைச் செய்து பழகுங்கள். அப்போதுதான் கோபம் வரும்போது அது நினைவுக்கு வரும். முதல் சில வாரங்கள் கத்திய பிறகுதான் ஞாபகம் வரும். பரவாயில்லை, அப்போதும் சொல்லலாம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவர் விடாமல் கூப்பிடுவதற்கு வலி, சிறுநீர்த் தொற்று, பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று சிகிச்சை தேவைப்படும் காரணம் இருக்கலாம். இரவில் மட்டும் குழம்பிப் பேசினாலும் அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது கணவரோ நாத்தனாரோ பார்த்துக்கொள்ளட்டும். இதை நீங்கள் கேட்டு வாங்கத்தான் வேண்டும், தயங்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், அழுகையாக இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாமியாரை அடித்துவிடுவோமோ, செத்துப்போகலாமோ என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பேசுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.