ஸ்ட்ரோம்போலி: மலை உயரவில்லை, மாதிரிதான் நகர்ந்திருக்கிறது

வணக்கம் நண்பரே. இத்தாலியின் ஸ்ட்ரோம்போலி எரிமலையில் 2019 ஜூலை 3 அன்று நடந்த வெடிப்புக்கு முன்னும் பின்னும் ட்ரோன் படங்களிலிருந்து உருவாக்கிய உயர மாதிரிகளில், பிந்தையதிலிருந்து முந்தையதைக் கழித்தால் மலை முழுக்க 3 மீட்டர் உயர்ந்ததாக வருகிறது என்கிறீர்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் அது ஜிபிஎஸ் உயரப் பிழை. எரிமலை வாய்க்குள் யாரும் கட்டுப்பாட்டுப் புள்ளி (இடமும் உயரமும் துல்லியமாக அளந்த தரைக் குறி) வைக்க முடியாது. அதனால் மாறாத பாறையை வைத்து இரண்டையும் பொருத்துங்கள். வான்கோரி முகட்டின் பழைய பாறைகள் நல்ல தேர்வு. ஷாரா தெல் ஃபுவோகோ சரிவு வேண்டவே வேண்டாம், அது ஓயாமல் சரிந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, வாய்க்குள் தெரியும் அந்த மேடு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மூலப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு பால்போல் வெளுத்திருந்தால் அது வாயுப் புகை, மண் அல்ல. அந்தப் படங்களை நீக்கிவிட்டு மாதிரியை மறுபடி உருவாக்குங்கள். அதற்குப் பிறகு வெடிப்பால் கூடிய, குறைந்த மண்ணின் கன அளவைக் கணக்கிடுங்கள்.