குழந்தையைப் பார்க்கப் பழக்குதல்

மதிப்புக்குரிய ஐயா,

நான் வடமராட்சியில் முன்பிள்ளைப் பருவ விருத்தித் துறையில் பணியாற்றுகிறேன். பெற்றோருக்கும் கைக்குழந்தைக்கும் இடையே பாதுகாப்பான பிணைப்பு வளரத் துணைசெய்வது எப்படி என்று குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் தாதியருக்கும் இரண்டு நாட் செயலமர்வு நடத்தும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. தயாரிக்கத் தொடங்கியதும் இரண்டு ஐயங்கள் எழுந்தன. தாயும் பிள்ளையும் தனித்திருக்கும் மேலைநாட்டு வீட்டைப் பார்த்து உருவான இந்தப் பிணைப்புக் கோட்பாடு, அம்மம்மாவும் சித்தியும் சேர்ந்து வளர்க்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துமா? நிறை அளப்பதும் தடுப்பூசியும் பதிவேடுகளுமாக ஓய்வின்றி உழைப்பவர்கள்மீது இதையும் சுமத்துவது நியாயமா?

– ஒரு வாசகி

அன்புடையீர்,

உங்கள் முதலாவது ஐயத்துக்கு இத்துறையின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. இக்கோட்பாட்டைத் தொடக்கிவைத்த பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை தாயின் இடத்தையே பெரிதும் வலியுறுத்தியது உண்மைதான். ஆனால் அவரோடு பணியாற்றிய உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வேர்த், ஆய்வுக்காக அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வீடுகளுக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1954, 55ஆம் ஆண்டுகளில் உகண்டாவின் கம்பாலாவுக்கு அண்மையிலுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களை வீடு வீடாகச் சென்று கவனித்திருந்தார். அங்கே உறவினர் பலர் கூடித்தான் பிள்ளை வளர்த்தார்கள். பிள்ளைகளும் தாயோடு மட்டுமன்றி வேறு சிலரோடும் பிணைப்புக் கொண்டிருந்தன. ஆகவே அம்மம்மா இக்கோட்பாட்டுக்குப் புறம்பானவர் அல்லர். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியும்வரை தாயையும் பிள்ளையையும் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அவரே என்பதால், அவரை விலக்கிவைத்துத் தாய்க்கு மட்டும் புத்தி சொல்லும் பயிற்சி எங்கள் வீடுகளில் வாசற்படி தாண்டாது.

எய்ன்ஸ்வேர்த் அங்கே கண்ட இன்னொன்றை உங்கள் செயலமர்வின் நடுவில் வைப்பேன். தன் பிள்ளையைப் பற்றி நுணுக்கமாகவும் விருப்பத்தோடும் விவரித்துச் சொல்லக்கூடிய தாய்மாரின் பிள்ளைகளிடமே பாதுகாப்பான பிணைப்பு கூடுதலாகக் காணப்பட்டது. அப்படியானால் குடும்பநல உத்தியோகத்தர் தாயிடம் கேட்கும் கேள்வியே மாற வேண்டும். “பால் குடிக்கிறாரா, நித்திரை கொள்கிறாரா” என்பதோடு, “இவருக்கு என்ன பிடிக்கும், ஆரைக் கண்டால் சிரிக்கிறார், அழுதால் எப்படி அடங்குவார்” என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கப் பழக வேண்டும்.

உங்கள் இரண்டாவது ஐயத்தையும் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். புதிய வேலை ஒன்றைச் சேர்க்காமல், ஏற்கனவே செய்யும் வேலைக்குள் பார்க்கப் பழக்குவதே நியாயமான வழி. கிளினிக்கில் பிள்ளையின் சட்டையைக் கழற்றித் தராசில் கிடத்துகிறோம், பிள்ளை வீரிட்டு அழுகிறது, தாய் தூக்குகிறாள். பிள்ளை யாரைத் தேடுகிறது, தாய் எப்படி அணைக்கிறாள், அணைத்ததும் உடல் தளர்கிறதா, விறைத்தபடியே இருக்கிறதா என்பதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் தெரியும். எங்கள் கண்ணோ அந்த நேரத்தில் தராசின் முள்ளில் இருக்கிறது. ஆனால் ஒரு முறை கண்டதை வைத்து எவரும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம், தாய் இரவு முழுவதும் கண்விழித்திருக்கலாம். இதே காரணத்தால், பிணைப்பின் வகைகளைப் பெயரிட்டு அட்டவணையாகக் காட்டும் பாடத்தை நீக்கிவிடுங்கள் என்று வேண்டுகிறேன். அந்த வகைப்பாடு, ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளைக் குறித்த ஒழுங்கில் தாயிடமிருந்து சிறிது நேரம் பிரித்துச் சேர்த்து, நீண்ட பயிற்சி பெற்றவர்கள் மதிப்பிடும் ஓர் ஆய்வுமுறைக்கு உரியது. ஊருக்குள் அது ஒரு தாயின்மேல் ஒட்டப்படும் பட்டமாகிவிடும்.

பார்க்கப் பழகுவதற்கு இரண்டு நாள் போதாது. லண்டன் டவிஸ்டொக் உளநல நிலையத்தில் உளப்பகுப்பாய்வாளர் எஸ்தர் பிக் 1948இல் தொடங்கிய பயிற்சியில், குழந்தைகளுக்கான உளச்சிகிச்சையாளராக வர விரும்புபவர் ஒரு குழந்தையின் வீட்டுக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலமாக இரண்டு ஆண்டுகள் செல்வார்; அங்கே குறிப்பெடுக்காமல், ஆலோசனை சொல்லாமல் பார்த்திருந்து, பின்னர் நினைவிலிருந்து எழுதிச் சிறு குழுவில் பேசுவார். அவ்வளவு காலம் எங்களுக்கு வாய்க்காது. எனினும் முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் இடையே மூன்று மாத இடைவெளி விட்டு, ஒவ்வொருவரும் ஒரே பிள்ளையைச் சில தடவை இப்படிப் பார்த்துவரச் செய்யலாம். ஆலோசனை சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் உத்தியோகத்தர்களுக்கு மிகக் கடினமாக இருக்கும். நான் அதையே பயிற்சியின் பெரும்பகுதியாகக் கருதுகிறேன்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தினர் வளர்த்தெடுத்த ஒரு முறையும் எங்களுக்கு உதவும். தாயும் பிள்ளையும் விளையாடுவதைச் சில நிமிடம் படம் பிடித்து, பிள்ளையின் சைகைக்குத் தாய் சரியாக மறுமொழி கொடுத்த இடங்களில் நிறுத்தி அவளுக்கே காட்டுகிறார்கள். அவள் சம்மதித்தால் அவளுடைய கைத்தொலைபேசியிலேயே இதைச் செய்யலாம். படமும் அவளிடமே இருக்கும். அவர்கள் 2003இல் 70 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளையின் சைகையை உணர்ந்து மறுமொழி கொடுக்கும் தாயின் கூருணர்வை மட்டும் நோக்கிய, அளவான சந்திப்புகள் கொண்ட திட்டங்களே நீண்ட, அகன்ற திட்டங்களைவிட நன்றாகப் பலித்திருந்தன. நேரமில்லாத எங்கள் களப்பணியாளருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

ஒன்றை மட்டும் எல்லாத் தாய்மாருக்கும் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள். தாயும் பிள்ளையும் எந்நேரமும் ஒத்திசைந்து இருப்பதில்லை. பிசகுவதும் மீண்டும் கூடுவதுமாகவே நல்ல உறவும் நடக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரொனிக்கின் ஆய்வுகள் காட்டின. ஏணையை ஆட்டிக் களைத்துச் சினந்த தாய், பிறகு தூக்கிக் கொஞ்சும்போது அந்த உறவு பழுதுபார்க்கப்படுகிறது.

எங்கள் மண்ணுக்கே உரிய பாரமும் உண்டு. இன்று முதற்பிள்ளை பெறும் பெண்களில் பலர் 2009இல் சிறுமிகளாக இருந்தவர்கள். இடப்பெயர்வுக்குள்ளும் இழப்புக்குள்ளும் வளர்ந்தவர்கள். தம் பழைய அழுகையை எவராவது கேட்ட பின்னரே சில தாய்மாருக்குத் தம் பிள்ளையின் அழுகை கேட்கத் தொடங்குகிறது என்று, அமெரிக்காவில் வீடுகளுக்கே சென்று பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபேர்க் 1975இல் எழுதினார். மகப்பேற்றின் பின்னான மனச்சோர்வை அறியப் பயன்படும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளும் படிவம் நிரப்பும் வேகத்தில் கேட்கப்பட்டால், அத்தகைய தாய் எதையும் சொல்லமாட்டாள். அவற்றைக் கேட்கும் உத்தியோகத்தரும் அதே போருக்குள் வாழ்ந்தவர்தான். அவருக்கும் தான் கண்டதைப் பேச ஓர் இடம் வேண்டும். அவ்விடம் மேற்பார்வை என்ற பெயரில் குறை பிடிக்கும் இடமாக இருக்கக் கூடாது.

ஆகவே மண்டபத்துக்கும் உணவுக்கும் ஒழுங்கு செய்யுமுன், சுகாதார வைத்திய அதிகாரியிடம் சென்று, மாதாந்தக் கூட்ட நாளில் ஒரு மணித்தியாலம் இவர்களுக்கென ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். உளவளத்துணையாளர் ஒருவர் வழிநடத்த, தாங்கள் பார்த்த பிள்ளைகளைப் பற்றி அவர்கள் பேசட்டும். அந்த ஒரு மணித்தியாலம் ஓராண்டுக்கு உறுதியாகும்வரை செயலமர்வைப் பிற்போடுவதே நல்லது.

அன்புடன்.