"பணம் திரும்பத் தரப்படாது" என்று பில்லில் இருந்தால்?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் சின்ன கேரேஜ் வைத்திருக்கிறேன். லேப்டாப் இல்லாமலே வண்டியின் கேன் பஸ்ஸை (வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் இணைப்பு) படிக்கும் டச் ஸ்கிரீன் கருவி ஒன்றை டர்பன் கடையில் 18,500 ரேண்டுக்கு வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. இப்போது திரை எரிகிறது, ஆனால் எந்த பக்கியில் (பிக்கப் வண்டி) மாட்டினாலும் தொடர்பு இல்லை என்கிறது. "ஏதோ வண்டியின் வயரிங்தான் கெடுத்திருக்கும். உங்கள் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்புங்கள், பணம் திரும்பக் கிடையாது, பில்லிலேயே போட்டிருக்கிறோம்" என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பில்லை எடுங்கள். அடியில் அச்சடித்திருப்பதை விடுங்கள், மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் என்றால் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உண்டு. கம்பெனி பெயர் என்றால், வாங்கிய சமயத்தில் அதன் சொத்தும் ஆண்டு வரவும் இரண்டுமே 2 மில்லியன் ரேண்டுக்குள் இருந்திருக்க வேண்டும்.

சரி, சட்டம் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 56-ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் பழுதானால் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, வேறு கருவியா, பணமா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள், கடைக்காரர் அல்ல. அனுப்பும் செலவும் அவர் தலையில்தான். இந்த உரிமையைப் பறிக்கும் பில் வாசகம் 51-ஆம் பிரிவின் முன் நிற்காது. ரிப்பேருக்கு நீங்கள் ஒத்துக்கொண்டு, 3 மாதத்துக்குள் மறுபடி பழுதானால், அவர் மாற்றித் தர வேண்டும் அல்லது பணம் தர வேண்டும்.

வழக்கு தடுக்கி விழக்கூடிய இடம் அந்த "வயரிங்" பேச்சுதான். அதற்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனரை மாட்டும் இடம்) 6, 14-ஆம் ஊசிகளுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தால், கேன் பஸ் வயரிங் சரியாக இருக்கும் வண்டியில் பெரும்பாலும் 60 ஓம் சுமார் காட்டும் (இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் பக்கியைப் பார்க்கும் மெக்கானிக்). இரண்டு மூன்று வண்டிகளில் அப்படி எடுத்து, அதே வண்டிகளை வேறு ஸ்கேனர் படிப்பதையும் போனில் வீடியோ பிடியுங்கள். கருவியின் ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். பிரித்துப் பார்த்துவிட்டால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்.

ஆனால் ஒரு விஷயம்: புது மாடல் வண்டிகளை மட்டும் படிக்கவில்லை என்றால் கதை வேறு. அவற்றில் பூட்டு வைத்த கேட்வே (வெளிக் கருவிகளை உள்ளே விடாமல் தடுக்கும் பகுதி) இருக்கலாம்; அது கருவியின் பழுது ஆகாது. "இந்த வண்டிகளுக்கு வேண்டும்" என்று சொல்லி வாங்கியிருந்தால், சொன்ன வேலைக்குப் பொருள் உதவ வேண்டும் என்னும் 55-ஆம் பிரிவு துணைக்கு வரும்.

ஆறாவது மாதம் முடியுமுன் கருவியைக் கடையில் ஒப்படைத்து, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பணம்தான் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து 14 நாள் கெடு வையுங்கள். அப்புறமும் மசியவில்லை என்றால் நுகர்வோர் பொருள், சேவை ஒம்புட்ஸ்மனிடம் (வாங்குபவர் புகார்களை விசாரிக்கும் நடுவர்) புகார் செய்யலாம், உங்களுக்குச் செலவில்லை. பில் உங்கள் பெயரில் இருந்தால் சிறு வழக்கு நீதிமன்றமும் உண்டு. 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், கம்பெனி பெயரில் அங்கே வழக்குப் போட முடியாது. அங்கே வக்கீலுக்கும் இடமில்லை. பில், கடிதம், வீடியோ மூன்றையும் எடுத்துக்கொண்டு நீங்களேதான் போய்ப் பேச வேண்டும்.